ஆயில் குறையவில்லை, பெடல் ஏன் இறங்குகிறது?

பழைய பிக்கப் வண்டி. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறீர்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. டப்பாவில் பிரேக் ஆயில் குறையவே இல்லை. பிறகு அழுத்தம் எங்கே போகிறது?

பெரும்பாலும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே. பிஸ்டனில் மாட்டிய ரப்பர் கப் தேய்ந்துவிட்டால், ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் கப்பைத் தாண்டிப் பின்பக்கம் நழுவும். வெளியே சொட்டு ஈரம்கூடத் தெரியாது.

இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் மேலே ஏறுகிறதா? அது வேறு கதை. குழாயில் காற்று புகுந்திருக்கலாம்; பின்சக்கர டிரம்மில் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். ஆயில் குறைந்துகொண்டே போனால் பின் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள்; வீல் சிலிண்டர் ஒழுகினால் அங்கே ஈரம் இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140தான். அதே ஈரம் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதிக்கிறார்கள். கப் வழக்கமாகப் போகாத துருப்பகுதியில் உரசிக் கிழிகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும், இந்த வம்பே இல்லை.

1967க்கு முந்தைய பல அமெரிக்க பிக்கப்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். கப் போனால் எல்லாம் போச்சு. அப்படிப்பட்ட வண்டியைப் பழுது தீரும்வரை ரோட்டில் எடுக்காதீர்கள்.