ஆடுகளம் ஓரிடமா, ஊர்தோறுமா?

ஆண்டுதோறும் நடக்கும் ஒரு போட்டியை எப்போதும் ஒரே இடத்தில் நடத்துவது நல்லதா, ஆண்டுக்கோர் இடமாகச் சுற்றி வருவது நல்லதா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் எந்தச் சங்கத்தின் செயற்குழுவிலாவது இதை எழுப்பிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போதாது. நான் இக்கேள்வியை அதிகமாகக் கேட்டது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில். அதுவும் நம்மில் பலர் தொலைக்காட்சியில்கூடப் பொறுமையாகப் பார்க்காத கோல்ஃப் விளையாட்டைப் பற்றி.

சிகாகோவின் புறநகர் ஒன்றில் என் பேத்தி உயர்நிலைப் பள்ளியில் படித்த நான்கு ஆண்டுகளும் பள்ளியின் கோல்ஃப் அணியில் இருந்தாள். அவற்றுள் இரண்டு பருவங்களில் நானும் என் மனைவியும் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். பெற்றோர்கள் மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள். பிள்ளைகள் அடிக்கும் பந்தைவிட அவர்கள் அதிகமாக அலசியது மாநில இறுதிப் போட்டியை எங்கே நடத்துவது என்பதைத்தான். வங்கி வேலையில் பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போன எனக்கு அந்த விவாதம் அந்நியமாகத் தோன்றவில்லை.

அளவில்லாத ஆடுகளம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட்டுகளுக்கு இடையே 22 கஜம் என்றால் சேப்பாக்கத்திலும் அதுதான், ஈடன் கார்டனிலும் அதுதான். டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் உலகெங்கும் 78 அடி. கோல்ஃபில் நிலையான அளவு என்று பார்த்தால், பந்து விழும் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது ஒன்று. மைதானமோ ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் குளம், மற்றோரிடத்தில் மணற்பள்ளம். ஓரிடத்தில் காற்று, மற்றோரிடத்தில் மரக்கூட்டம். புல் வெட்டிய விதத்தைப் பொறுத்து, ஒரே தள்ளுக்குப் பந்து ஓரிடத்தில் ஆறடி ஓடும், இன்னோரிடத்தில் பத்தடி ஓடும்.

ஆகவே ஒரு மைதானத்தைத் தெரிந்து வைத்திருப்பது கோல்ஃபில் பெரிய சொத்து. கொல்கத்தாவில் வாழும் நமக்கு இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. டாலிகஞ்சில் இருக்கும் ராயல் கல்கத்தா கோல்ஃப் க்ளப் 1829இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் க்ளப்புகளில் இதுவே மிகப் பழையது. அந்த மைதானத்தின் புல்தரையைப் பராமரித்த ஊழியர் ஒருவரின் மகன்தான் எஸ்.எஸ்.பி. சௌராசியா. கையில் வசதி இல்லை; ஆனால் கண்ணெதிரே மைதானம் இருந்தது. அங்கே பார்த்தும் பழகியும் கற்றுக்கொண்டவர், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் மைதானம் பக்கத்தில் இருந்ததால் என்ன கிடைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நடுவில் இருந்தால் போதுமா?

இல்லினாய் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மாநிலம். நீளம் ஏறக்குறைய 630 கிலோமீட்டர். வடகிழக்கு மூலையில் சிகாகோ. தெற்குக் கோடியில், மிசிசிப்பியும் ஒஹாயோவும் கூடும் இடத்தில் கெய்ரோ என்ற சிற்றூர். 2010களில் பல ஆண்டுகள், பள்ளி மாணவியருக்கான மாநில இறுதிப் போட்டிகள் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள டிகேட்டர் நகரத்துப் பொது மைதானங்களில் நடந்தன. மாணவர்களுக்கு, அதற்குச் சற்று வடக்கே ப்ளூமிங்டன், நார்மல் என்ற இரட்டை நகரங்களில்.

நடுவில் வைத்ததற்கு நியாயம் உண்டு. சிகாகோவிலிருந்து டிகேட்டருக்குச் சுமார் 290 கிலோமீட்டர். கெய்ரோவிலிருந்து வந்தாலும் 320, 330தான். யாருக்கும் அதிகமில்லை, யாருக்கும் குறைவில்லை. அதோடு, ஆண்டுதோறும் அதே இடம் என்றால் பள்ளிப் பேருந்துகள் எங்கே நிற்கும், மின்னல் வந்தால் பிள்ளைகளை எங்கே ஒதுங்க வைப்பது, எந்தக் குழியருகே எத்தனை தொண்டர்கள் வேண்டும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு மனப்பாடம். போட்டி நடப்பது அக்டோபரில். வடக்கே போனால் காலையில் உறைபனி படிந்திருக்கலாம். பனி உருகும்வரை புல்லில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் புல் கருகிப்போகும். நடுப்பகுதியில் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

"அப்படியானால் இதில் என்ன குறை?" என்று கேட்டேன். தெற்கிலிருந்து வந்த ஒரு சோள விவசாயி பதில் சொன்னார். அவருடைய ஊரில் இருப்பது ஒன்பது குழிகள் மட்டுமே கொண்ட சிறு மைதானம். "பேருந்துக்குத்தான் தூரம் சமம். பழக்கத்துக்குச் சமமில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இங்கே மாதாமாதம் ஆடுகிறார்கள். பணமுள்ளவர்கள் கோடை விடுமுறையில் ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி, கட்டணம் கட்டிப் பழகுகிறார்கள். என் பெண் இந்த மைதானத்தைப் பார்ப்பதே போட்டிக்கு முந்தின நாள்தான்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் பேத்தியைக் கேட்டேன். "தாத்தா, எனக்கு அங்கேயே நடந்தால்தான் பிடிக்கும். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அந்த ஊர்ப் பேரைச் சொல்லிச் சொல்லித்தானே எல்லாரும் பழகினோம்" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை.

ஒரே இடத்தின் பெருமை

ஓரிடத்துக்கு ஒரு பெயர் சேர்ந்துவிட்டால், அந்தப் பெயரே பரிசாகிவிடுகிறது. அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி 1934இலிருந்து அகஸ்டா என்ற ஒரே மைதானத்தில்தான் நடந்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகளின் போட்டி என்றால் ஜப்பானைச் சொல்ல வேண்டும். அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்கால பேஸ்பால் போட்டி 1924 முதல் கோஷியென் அரங்கத்தில் நடக்கிறது. 'கோஷியென்' என்றால் அரங்கம் என்று மட்டும் பொருளில்லை, அந்தப் போட்டி என்றே பொருள். தோற்ற அணியின் பிள்ளைகள் அழுதுகொண்டே அந்த மண்ணை அள்ளிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார்கள். ஆண்டுக்கோர் ஊரில் நடக்கும் போட்டியில் இப்படி ஒரு வழக்கம் வேர்விடுவது கடினம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கோஷியென் எந்தப் பள்ளிக்கும் சொந்த மைதானமில்லை. தொழில்முறை அணியின் அரங்கம் அது. பக்கத்து ஊர்ப் பையன் பணம் கட்டி வாரந்தோறும் அங்கே பழகிவிட முடியாது. கோல்ஃபின் பொது மைதானமோ கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே ஒரே இடம் என்பது பேஸ்பாலில் எல்லோருக்கும் பொதுவான கனவு. கோல்ஃபில் அது சிலருக்குப் பழகிய முற்றம்.

சுற்றத் தொடங்கிய கதை

கோல்ஃபின் மிகப் பழைய பெரும் போட்டியான 'தி ஓப்பன்' தொடங்கியபோது அதுவும் ஒரே இடத்தில்தான் நடந்தது. 1860இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் எட்டுப் பேர் ஆடினார்கள். 1870 வரை ஆண்டுதோறும் அங்கேயே. பரிசு ஒரு தோல் இடைவார். தொடர்ந்து மூன்று முறை வென்றவருக்கு அது சொந்தம் என்று விதி. 1868, 1869, 1870 மூன்றிலும் வென்று அதைச் சொந்தமாக்கிக்கொண்டவர் இளைய டாம் மாரிஸ். அவர் சிறுவனாக வளர்ந்தது பிரெஸ்ட்விக்கில். அந்த மைதானத்தைப் பராமரித்து வந்தவர் அவருடைய தந்தை.

பரிசுப் பொருள் போய்விட்டதால் 1871இல் போட்டியே நடக்கவில்லை. அதன்பின் மூன்று க்ளப்புகள் கூடிப் பேசின. செலவைப் பங்கிட்டுப் புதிய வெள்ளிக் கோப்பை செய்வது, முறை வைத்து மூன்று இடங்களில் நடத்துவது என்று முடிவாயிற்று. 1873இல் போட்டி முதன்முறையாகச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனது. வென்றவர் டாம் கிட், அந்த ஊர்க்காரர். 1874இல் மஸல்பரோவுக்குப் போனது. வென்றவர் மங்கோ பார்க், அவரும் அந்த ஊர்க்காரர்!

சுழற்சியைப் போற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இடம் மாறினால் உள்ளூர்ச் சலுகை ஒழிந்துவிடாது. வேறொரு ஊருக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆனால் சுழற்சியால் ஒரு பெரிய நன்மை உண்டு. தகுதி குறைந்த இடத்தை விட்டுவிட முடிகிறது. பெருகிவந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் போனதால் 1925க்குப் பிறகு பிரெஸ்ட்விக்கில் 'ஓப்பன்' நடத்தப்படவில்லை. போட்டி பிறந்த இடம் அது. ஆனாலும் போட்டி அதோடு சேர்ந்து நின்றுவிடவில்லை.

நான்கே ஆண்டுகள்

இரு பக்கமும் கேட்ட பிறகு, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். சுழற்சியின் நியாயம், எத்தனை ஆண்டில் சுற்று முடிகிறது என்பதைப் பொறுத்தது.

வங்கியில் அதிகாரிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். எல்லா ஊருக்கும் எல்லோரும் போய்வர வேண்டும் என்பது நியாயமான கொள்கை. முப்பது ஆண்டுப் பணிக்காலத்தைக் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் பெரிய அநீதி இல்லை. ஆனால் என் மகளுக்கு அந்த முப்பது ஆண்டுக் கணக்கு பொருந்தவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நாக்பூரில் பள்ளியின் த்ரோபால் அணியில் அவளைச் சேர்த்தார்கள். அடுத்த கல்வியாண்டில் எனக்குக் கொல்கத்தா மாற்றல் வந்தது. புதிய பள்ளியில் அணி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருடம் பொதுத்தேர்வு, அதற்கடுத்த வருடம் வேறு கவலை. நிறுவனத்துக்கு 'அடுத்த முறை' என்று ஒன்று எப்போதும் உண்டு. பிள்ளைக்கு இல்லை. இதழைப் படிக்கும் குடும்பங்களில் இதை அறியாத வீடு குறைவாகத்தான் இருக்கும்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நான்கு ஆண்டுகள். எட்டு மைதானங்களைச் சுற்றி வந்தால், ஒரு பிள்ளை தன் காலத்தில் பார்ப்பது பாதியைத்தான். தெற்கின் முறை வரும்போது அந்த விவசாயியின் மகள் பள்ளியை விட்டே போயிருப்பாள். "எல்லோருக்கும் ஒரு நாள் வரும்" என்பது மைதானங்களுக்குச் செல்லும், மாணவர்களுக்குச் செல்லாது.

ஆகவே என் யோசனை இதுதான். மூன்று அல்லது நான்கு பொது மைதானங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கு, நடு, தெற்கு என்று எல்லாப் பகுதிக்கும் இடம் இருக்க வேண்டும். ஆண்டுக்கொன்றாகச் சுற்றி, நான்கு ஆண்டுக்குள் சுற்று முடிந்துவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு பிள்ளையின் பள்ளிக் காலத்திலும் ஒரு முறையாவது போட்டி அவள் பகுதிக்கு வரும். மூன்று நான்கு இடங்கள் என்பதால் தொண்டர்களின் அனுபவமும் வீணாகாது. மறுமுறை வரும்போது பழைய கைகளே இருக்கும். இடங்களின் பெயரும் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

இதோடு இரண்டு நிபந்தனைகள். போட்டிக்கு முந்தைய சில வாரங்கள் அந்த மைதானத்தில் போட்டியாளர் யாரும் பழகக் கூடாது. பிறகு எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பயிற்சி நேரம் தர வேண்டும். தொலைவிலிருந்து வரும் அணிகளின் தங்கும் செலவை எல்லாப் பள்ளிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

"இடம் மாறினால் சாதனைகளை ஒப்பிட முடியாதே" என்று ஒரு பயிற்சியாளர் ஆட்சேபித்தார். அதற்கு வழி இருக்கிறது. மைதானங்களின் கடினத்தை அளந்து 'ஸ்லோப்' என்று ஓர் எண் தருகிறார்கள். 55 முதல் 155 வரை, நடுத்தரம் 113. ஆட்டக்காரரின் எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துப் பதிந்தால், ஓராண்டை மற்றோராண்டோடு ஓரளவு ஒப்பிடலாம். துல்லியமாக இராதுதான். ஆனால் பதிவேட்டின் வசதிக்காகப் பிள்ளைகளின் வாய்ப்பைக் குறைப்பது முறையாகாது.

நம் சங்கங்களிலும் திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி என்று பிள்ளைகளுக்காக நடத்துகிறோம். பெரும்பாலும் கூடம் வசதியாகக் கிடைக்கும் ஓரிடத்தில். தொலைவிலுள்ள குடும்பங்கள் இரண்டு பஸ் மாறி வருகின்றன, அல்லது வராமலே இருந்துவிடுகின்றன. இடத்தை மாற்றலாமா என்று அடுத்த முறை பேச்சு வரும்போது கூட வாடகையையும் ஒலிபெருக்கியையும் கணக்கிடுவோம், கணக்கிடத்தான் வேண்டும். அதோடு, எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இன்னும் எத்தனை போட்டிகள் மிச்சமிருக்கின்றன என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்வது நல்லது.