குதிகால் வலி

குதிகால் வலி பலருக்கும் உண்டு. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு வரும். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் சுரீர் என்று வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறைந்துவிடும். இது சாதாரண வலி. பயப்பட வேண்டாம்.

வேறு ஒரு வலி உண்டு. உட்கார்ந்தாலும் வலிக்கும். படுத்தாலும் வலிக்கும். இரவில் தூங்க விடாது. வாரக் கணக்கில் நீடிக்கும். வீக்கமும் இருக்கலாம். அபூர்வமாக, இது புற்றுநோயாக இருக்கும்.

காலில் எப்படிப் புற்றுநோய் வந்தது? இது காலில் பிறந்த நோய் அல்ல. நுரையீரல், சிறுநீரகம், பெருங்குடல், மார்பகம், கருப்பை என்று வேறு ஏதோ ஓர் உறுப்பில் பிறந்தது. அங்கிருந்து சில செல்கள் பிரிந்து ரத்தத்தோடு போகின்றன. எலும்பில் தங்கி வளர்கின்றன. கரையான் அரித்த உத்திரம் போல எலும்பு உள்ளே பலம் இழக்கிறது.

இப்படிப் பரவும் நோய் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும்தான் அதிகம் பிடிக்கும். ரத்தம் ஊறும் மஜ்ஜை பெரியவர்களுக்கு அங்கேதான் உள்ளது. பாதத்தில் உள்ள 26 எலும்புகளிலும் அது மிகக் குறைவு. எலும்புக்குப் பரவும் புற்றுகளில் கைக்கும் பாதத்துக்கும் போவது ஏறத்தாழ 1000-இல் 1தான். பாதத்துக்கு வந்தால் பெரும்பாலும் குதிகால் எலும்பில் வருகிறது.

அபூர்வம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வாதம் என்பார்கள். சுளுக்கு என்பார்கள். எண்ணெய் போட்டு உருவுவார்கள். மாதங்கள் ஓடிவிடும். அரித்த எலும்பை அழுத்தி உருவினால் அது முறிந்தும் போகலாம்.

முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பத்து வருடம் ஆகியிருந்தாலும் சரி. கால் வலிக்கு ஆஸ்பத்திரி போகும்போது பழைய சீட்டையும் கொண்டுபோங்கள். கருப்பைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று பெண்கள் சொல்லாமல் விடுவதுண்டு. இதில் வெட்கம் எதற்கு? சிலருக்குக் கால் வலியே முதல் அடையாளம். இருமலில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், உடல் மெலிவு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆரம்பத்தில் அதில் தெரியாமலும் போகலாம். வலி நிற்காவிட்டால் மறுபடி போக வேண்டும். ஸ்கேன் எடுப்பார்கள். எலும்பிலிருந்து துளி எடுத்துச் சோதிப்பார்கள்.

பரவிய பிறகு முழுக் குணம் கடினம். ஆனால் வலியைக் குறைக்க முடியும். கதிர் வைத்தியம் உண்டு. "கரண்டு வைப்பது" என்று சொல்கிறார்களே, அதுதான். அது மின்சாரம் அல்ல. சிலருக்கு ஒரே முறை கொடுத்தாலே போதும். சில வாரங்களில் வலி குறையும். அதுவரை கோல் ஊன்றி நடக்க வேண்டும். கடும் வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு. முன்பு அது கிடைப்பது கஷ்டம். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம்.