யானைக்கால் புழுவின் சீக்ரெட் பார்சல்!

மரக்காணம் உப்பளத்துல ஒரு ஆயாவைப் பார்த்தேன். இடது கால் மட்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தது. உப்புத் தண்ணியில வெடிச்ச தோல் வழியா கிருமி புகுந்து, அப்பப்போ குளிர் காய்ச்சல் வேற. யானைக்கால்!

இந்தப் பக்கம் இதுக்குக் காரணம் வுச்சரேரியா பான்கிராஃப்டி புழு. க்யூலெக்ஸ் கொசுவுல லிஃப்ட் கேட்டு வந்து, நிணநீர்க் குழாயில வருஷக்கணக்கா குடித்தனம் நடத்துது. நம்ம உடம்போட செக்யூரிட்டி தூங்குதா பாஸ்?

தூங்க வைக்கறாங்க! இந்தப் புழுவோட ஒண்ணுவிட்ட தம்பி ப்ரூஜியா மலாயி. ஒரு காலத்துல கேரளாவின் சேர்த்தலா ஏரியாவை ஆட்டிப்படைச்சவர். இவரை லேப்ல வளர்க்க முடியும்ங்கறதால ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் இவர் மேலதான். இவர் குட்டிக் குட்டிக் கொழுப்புப் பைகளை வெளியே அனுப்பறதை அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி டீம் 2015-ல் சொன்னது. சைஸ்? ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு! உள்ளே புரோட்டீன், மைக்ரோ ஆர்.என்.ஏ. எதிரி வந்தா மத்த செல்களுக்குத் தகவல் சொல்ற வாட்ச்மேன், டென்ட்ரிடிக் செல். அது இந்தப் பார்சலை வாங்கிட்டா, உள்ளே எம்டார்ங்கற சிக்னல் டல்லாகுதுன்னு 2021-ல் வந்த ஆய்வு சொல்லுது.

ஐவர்மெக்டின் கொடுத்தா பார்சல் சர்வீஸ் குறையுதாம் (இது 2018 நியூஸ்). லேப் தட்டுல புழுவை அவ்வளவா அசைக்காத மருந்து, உடம்புக்குள்ள மட்டும் எப்படி ஜெயிக்குதுங்கற பழைய புதிருக்கு இது விடையா இருக்கலாம்.

இன்னொரு மேட்டர். 1980-கள்ல காரைக்கால்ல டி.இ.சி. மாத்திரை மருந்தை எதுல கலந்து கொடுத்துப் பார்த்தாங்க தெரியுமா? சமையல் உப்புல!

ஆயாவோட கால் இனி பழைய சைஸுக்கு வர்றது கஷ்டம். தினம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சா காய்ச்சல் குறையும். ஆனா விடிஞ்சா திரும்ப உப்புத் தண்ணியிலதானே நிக்கணும்?