போர்ட்டிகோ ஆசையா? முதல்ல டேப்பை எடுங்க!

சென்னை:-

வீட்டு முன்னாடி பைக் நிறுத்த ஒரு போர்ட்டிகோ, சாயங்காலம் காத்து வாங்க ஒரு சிட் அவுட். கையில் நாலு காசு சேர்ந்ததும் பலருக்கும் வரும் ஆசைதான். "நம்ம இடம்தானே, யார் கேக்கப் போறா?" என்று மேஸ்திரியும் தைரியம் சொல்வார். நோட்டீஸ் வரும்போது அவர் வேறு சைட்டில் இருப்பார்!

பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் வீட்டைச் சுற்றி கொஞ்சம் இடத்தை காலியாக விட்டே ஆக வேண்டும். இதுதான் 'செட்பேக்'. 2019-ம் ஆண்டு வந்த கட்டிட விதிகளின்படி, சின்னத் தெருவில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு முன்பக்கம் 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி. ரோடு அகலமானால் இதுவும் கூடும். தூண் இல்லாத சன்ஷேடுக்கு அளவோடு இடம் உண்டு. அந்த 5 அடிக்குள் தூண் நிறுத்தி கூரை போட்டால்தான் வம்பு. அளவை உங்கள் மனை எல்லையில் இருந்து எடுக்கணும், ரோட்டு ஓரத்தில் இருந்து இல்லை.

சரி, இடம் பத்தலை. விலக்கு கேட்க முடியுமா?

முடியும். 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவு அந்த அதிகாரத்தை தமிழக அரசுக்கு கொடுத்திருக்கிறது. அரசுக்கு மட்டும்தான். "நான் பார்த்துக்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீங்க. மனு போட்டாலே கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2024-ல் வந்த சுயசான்று திட்டத்தில் சின்ன வீடுகளுக்கு பிளான் அனுமதி சுலபம்தான். ஆனால் அதிலும் செட்பேக் சலுகை கிடையாது.

"முதல்ல கட்டிடுவோம், அப்புறம் அபராதம் கட்டிக்கலாம்" என்பது பழைய கணக்கு. வரன்முறை திட்டங்கள் 1999 பிப்ரவரி 28, 2007 ஜூலை 1 ஆகிய தேதிகளுக்கு முன் கட்டியவர்களுக்கு வந்தவை. வருஷம் ஓடிவிட்டது, பணம் போட்டுவிட்டோம் என்பதற்காக விதிமீறல் சரியாகிவிடாது என்று 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் போதும். நோட்டீஸ், சீல், கடைசியில் இடிப்பு. போட்ட காசும் மண்ணோடு போகும்.

அதனால் பழைய பிளானைத் தேடி எடுங்க. அந்தக் காலத்தில் தாராளமாக இடம் விட்டுக் கட்டிய வீடு என்றால் செட்பேக்கைத் தொடாமலே போர்ட்டிகோவுக்கு இடம் இருக்கலாம். லைசென்ஸ் உள்ள என்ஜினீயரிடம் காட்டி, திருத்திய பிளானுக்கு அனுமதி வாங்கிய பிறகு கடைக்கால் தோண்டுங்க.

படிக்கட்டை மட்டும் ரோட்டுக்கு இழுத்துடாதீங்க. அது உங்கள் மனையே இல்லை, ஆக்கிரமிப்பு.