ஒரு வரி மாற்றத்துக்கு முப்பத்தைந்து லட்சம் கோப்புகள்: பெரிய ரெப்போக்களில் கிட் ஏன் திணறுகிறது?

ஒரே ஒரு கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றுகிறீர்கள். பிறகு ‘கிட் ஸ்டேட்டஸ்’ அடிக்கிறீர்கள். பதில் சொல்ல கிட் எத்தனை கோப்புகளைப் பார்க்க வேண்டும்? ஒன்று போதும்னு தோணும். ஆனால் அது எந்தக் கோப்பு என்று கிட்டுக்கு யாரும் சொல்லவில்லையே! அதனால் தனக்குத் தெரிந்த எல்லாக் கோப்புகளையும் வரிசையாக விசாரிக்கிறது. உன் அளவு என்ன, கடைசியாக மாறிய நேரம் என்ன என்று ஒவ்வொன்றையும் கேட்டு, தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. மளிகைக்கடையில் ஒரு சோப்பு விற்றதற்கு மொத்தக் கடைக்கும் ஸ்டாக் எடுப்பது மாதிரி.

சின்னக் கடைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கிட் பிறந்ததும் அப்படி ஒரு அளவுக்குத்தான். 2005 ஏப்ரலில், பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் வழி அடைபட்டதும், லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். அன்று கிட்டுக்குள் போன கெர்னலில் சுமார் 17 ஆயிரம் கோப்புகள். பன்னிரண்டு வருஷம் கழித்து மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் மூலநிரலை கிட்டுக்குள் கொண்டுவந்தபோது இருந்தவை சுமார் 35 லட்சம் கோப்புகள், ஏறத்தாழ 300 ஜிபி. கெர்னலைப் போல இருநூறு மடங்கு.

இந்த இடைவெளியை எப்படிக் கடந்தார்கள் என்பதைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தினசரி வேலையில் கிட்டோடு புழங்குகிறவன் என்பதால் வந்த ஆர்வம்தான். படித்ததில் எனக்குப் புரிந்த சாரம் இது: யாரும் கிட்டை வேகமாக ஓட வைக்கவில்லை, தேவையில்லாத ஓட்டத்தை நிறுத்தினார்கள். அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். அந்த விலையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

‘பெரிசு’ என்றால் எந்த விதத்தில்?

“எங்க ரெப்போ ரொம்பப் பெரிசு சார்” என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான். ஏன்னா மூன்று விதமாகப் பெரிசாகலாம். மூன்றுக்கும் வலி வேற, மருந்தும் வேற.

ஒன்று, கோப்புகளின் எண்ணிக்கை. இதனால் ஸ்டேட்டஸ், செக்அவுட், ஆட் எல்லாம் மெதுவாகும்.

இரண்டு, வரலாற்றின் நீளம், அதாவது கமிட்களின் எண்ணிக்கை. லாக், மெர்ஜ், “இந்தத் திருத்தம் எந்த ரிலீஸில் இருக்கு?” போன்ற கேள்விகள் மெதுவாகும்.

மூன்று, மொத்த பைட்டுகள். க்ளோன், ஃபெட்ச் மெதுவாகும்.

முதல் வலிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2012 பிப்ரவரியில் ஃபேஸ்புக் பொறியாளர் ஒருவர், தங்கள் எதிர்கால வளர்ச்சியை மனதில் வைத்துச் செயற்கையாக உருவாக்கிய ஒரு ரெப்போவின் அளவுகளை கிட் குழுவினருக்கு அனுப்பினார். அதில் சுமார் 13 லட்சம் கோப்புகள், 40 லட்சம் கமிட்கள். கிட்டின் ‘இண்டெக்ஸ்’ கோப்பு மட்டும் 191 எம்பி. வகுத்துப் பாருங்கள்: ஒரு கோப்புக்கு ஏறத்தாழ 147 பைட். இண்டெக்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் நேரம், அளவு, ஹாஷ் எல்லாம் சேர்த்து 62 பைட் போகும். மீதி, கோப்பின் பாதைப் பெயர். கணக்கு சரியாகவே வருகிறது. இப்ப விஷயம் என்னன்னா, இயல்பான அமைப்பில் நீங்கள் ஒரு கோப்பை ‘ஆட்’ செய்தாலும் இந்த இண்டெக்ஸ் முழுவதும் திரும்ப எழுதப்படும். ஒரு பதிவு மாறியதற்கு 191 எம்பி!

அப்போது ஃபேஸ்புக்குக்குக் கிடைத்த யோசனை, ரெப்போவைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்வதாக இருந்தது. அவர்கள் பிரிக்கவில்லை. மெர்க்யூரியலுக்குப் போனார்கள், அதைத் தங்கள் தேவைக்கு வளைத்து 2014இல் அந்தக் கதையை வெளியிட்டார்கள். கூகுள் வேறு பாதை. பைப்பர் என்ற சொந்த ஏற்பாடு, எல்லாம் சர்வரில். 2015 ஜனவரிக் கணக்குப்படி 200 கோடி வரிகள், 86 டிபி.

கூகுள் வெளியிட்ட விவரங்களில் எனக்கு மிகவும் பிடித்த எண் இந்த 86 அல்ல. ஒரு பொறியாளரின் பணியிடத்தில் உண்மையாகவே மாற்றப்பட்டு இருக்கும் கோப்புகள் சராசரியாகப் பத்துக்கும் குறைவு என்கிறார்கள். மலையளவு ரெப்போ, கைப்பிடியளவு வேலை. அப்படியானால் செலவும் கைப்பிடியளவுதானே இருக்கணும்?

விசாரிப்பதை நிறுத்து

மைக்ரோசாப்டின் முதல் விடை 2017இல் வந்த ஜிவிஎஃப்எஸ். ஃபோல்டரில் 35 லட்சம் கோப்புகளும் இருப்பது போலவே தெரியும். ஆனால் உள்ளடக்கம் இருக்காது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் கணத்தில்தான் அது சர்வரிலிருந்து இறங்கும். நீங்கள் தொடாத கோப்பு மாறியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே கிட் அதை விசாரிக்கவும் வேண்டாம். 12 மணி நேரத்துக்கு மேல் எடுத்த க்ளோன் சில நிமிடங்களில் முடிந்தது. 2, 3 மணி நேரம் எடுத்த செக்அவுட் 30 வினாடிக்கு வந்தது. 10 நிமிட ஸ்டேட்டஸ் 4, 5 வினாடியானது.

மந்திரம் மாதிரி இருக்கு இல்லையா? ஆனால் இந்த மந்திரம் இயங்குதளத்தின் அடிவயிற்றில் கை வைக்கிறது. மேக் கணினிகளுக்கும் கொண்டுபோக முயன்றபோது, அதற்குத் தேவையான கெர்னல் வசதியை ஆப்பிள் கைவிடும் திசையில் போய்க்கொண்டிருந்தது. அதனால் 2020இல் ‘ஸ்காலர்’ என்ற பெயரில் அணுகுமுறையையே மாற்றினார்கள். கோப்புகள் இருப்பது போல நடிப்பதை விட்டுவிட்டு, “உனக்கு எந்த ஃபோல்டர்கள் வேணும்? நீயே சொல்லு” என்று பயனரிடம் கேட்டார்கள். இதற்குப் பெயர் ஸ்பார்ஸ் செக்அவுட். அதன் தொடர்ச்சியாக ஸ்பார்ஸ் இண்டெக்ஸ் வந்தது. உங்களுக்கு வேண்டாத ஃபோல்டரில் ஒரு லட்சம் கோப்பு இருந்தாலும் இண்டெக்ஸில் அது ஒரே வரி. 191 எம்பி சிக்கலுக்கு விடை இதுதான்.

மீதமுள்ள கோப்புகளுக்கு எஃப்எஸ்மானிட்டர். மாற்றம் நடந்ததா என்று நாம் போய்க் கேட்பதற்குப் பதிலாக, மாற்றம் நடந்தால் இயங்குதளமே சொல்லும். கிட் 2.37இல் விண்டோஸ், மேக் இரண்டுக்கும் இது உள்ளேயே வந்துவிட்டது. லினக்ஸில் ஃபேஸ்புக்கின் வாட்ச்மேனை இணைத்துக்கொள்ளலாம்.

தாத்தா பேரனுக்குப் பிறக்க முடியாது

இரண்டாவது வலி, வரலாறு. ஒரு கமிட்டின் பெற்றோர் யார் என்று தெரிய, சுருக்கி வைத்திருக்கும் அந்தக் கமிட்டை விரித்துப் படிக்க வேண்டும். லட்சக்கணக்கான கமிட்களை இப்படி விரித்துக்கொண்டே போவதுதான் தாமதம். 2018இல் வந்த கமிட்-கிராஃப் என்ற கோப்பு, இந்த வம்சாவளியைத் தனி அட்டவணையாக எழுதி வைக்கிறது. கூடவே ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு தலைமுறை எண்: பெற்றோர் இல்லாத கமிட்டுக்கு 1, மற்றவற்றுக்குப் பெற்றோர்களில் பெரிய எண்ணோடு ஒன்று கூட்டியது.

இதன் பயன் எளிமையானது. ஒரு கமிட்டின் மூதாதைகள் எல்லோருக்கும் அதைவிடச் சிறிய எண்தான் இருக்கும். 500ஆம் தலைமுறைக் கமிட்டைத் தேடிப் போகும்போது 500க்கோ அதற்குக் கீழேயோ உள்ள வேறொரு கமிட் வந்தால், அதற்கு அப்பால் தேடவே வேண்டாம். அந்தக் கிளையை அங்கேயே விட்டுவிடலாம். இங்கேயும் அதே கதைதான்: வேகமாகத் தேடுவதைவிட, தேடாமல் இருப்பது.

பெயரின் கடைசி பதினாறு எழுத்து

மூன்றாவது, பைட்டுகள். ஒரே மாதிரியான உள்ளடக்கங்களைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை மட்டும் சேமிப்பது கிட்டின் வழக்கம். எவை ஒரே மாதிரி இருக்கும் என்று ஊகிக்க ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. பாதைப் பெயரின் கடைசி 16 எழுத்துகளே அந்த ஊகத்துக்கு அடிப்படை. கெர்னலுக்கு இது அழகாக வேலை செய்தது. ஒரு கோப்பை ஃபோல்டர் மாற்றினாலும் பெயர் அதேதான் என்பதால் பழையதும் புதியதும் பக்கத்தில் வந்துவிடும்.

மைக்ரோசாப்டின் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ரெப்போவில் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள், அவற்றுக்குத் தனித்தனி சேஞ்ச்லாக் கோப்புகள். ஆங்கிலத்தில் அந்தக் கோப்புப் பெயர் எக்ஸ்டென்ஷனோடு 12 எழுத்து, சாய்கோட்டோடு 13. ஃபோல்டரை அடையாளம் காட்ட மிஞ்சுவது வெறும் மூன்றே எழுத்து! சம்பந்தமில்லாத பேக்கேஜ்களின் கோப்புகளை கிட் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்து ஒப்பிட்டது. ரெப்போ 178 ஜிபி வரை வீங்கியது. முழுப்பாதையையும் கணக்கில் எடுத்து மறுபடி பேக் செய்தபோது சுமார் 5 ஜிபி. ஒரு வரி நிரலைக்கூட யாரும் நீக்கவில்லை. பாதையின் கூடுதல் பகுதியைக் கணக்கில் எடுக்கும் புதிய ஹாஷ் 2025 மார்ச்சில் வந்த கிட் 2.49இல் ஒரு விருப்பமாகச் சேர்ந்தது.

அந்த விலை

பைட்டுகளுக்கு இன்னொரு மருந்தும் உண்டு: பார்ஷியல் க்ளோன். கமிட்கள், ஃபோல்டர் அமைப்பு எல்லாம் முழுசா வரும். பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும், கேட்கும்போதுதான் வரும். மொபைல் டேட்டாவில் ஒரு பெரிய திறமூலத் திட்டத்துக்குப் பங்களிக்க நினைக்கும் மாணவருக்கு இது பெரிய வரம். கதவே இப்படித்தான் திறக்கிறது.

ஆனால் கிட் பிறந்தபோது கொடுத்த வாக்குறுதி என்ன? ஒவ்வொருவர் கையிலும் முழுப்பிரதி. சர்வர் எரிந்து போனாலும் ஒரு லேப்டாப்பிலிருந்து முழு வரலாற்றையும் மீட்டுவிடலாம். பார்ஷியல் க்ளோன் வைத்திருப்பவரிடம் அது கிடையாது. அவரிடம் இருப்பது வரலாற்றின் பொருளடக்கம். பக்கங்கள் சர்வரில் இருக்கின்றன. நெட் இல்லாத இடத்தில் பழைய கோப்புக்கு ‘ப்ளேம்’ போட்டுப் பாருங்கள், உடனே தெரியும். குழுவில் ஐம்பது பேரும் இப்படியே வைத்திருந்தால், ஐம்பது பிரதி இருப்பதாக ஒரு பிரமைதான் இருக்கும். முழுப்பிரதி ஒன்றுகூட இருக்காது. பரவலாக்கப்பட்டது என்று பெயர் வாங்கிய கருவி, சத்தமில்லாமல் பழைய மையச் சர்வர் முறைக்குத் திரும்புகிறது.

இது தப்புன்னு நான் சொல்லவில்லை. 300 ஜிபியை ஆளுக்கு ஒன்று சுமப்பதில் அர்த்தமில்லை. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உங்க ரெப்போவுக்கு

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் அளந்து பாருங்கள்: ‘கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ்’ கட்டளை மொத்த அளவைச் சொல்லும், ட்ரேஸ்2 வசதியை இயக்கினால் நேரம் எந்தப் படியில் போகிறது என்று தெரியும். பிறகு ‘ஸ்காலர் ரெஜிஸ்டர்’. 2.38 முதல் ஸ்காலர் கிட்டோடு சேர்ந்தே வருகிறது. கமிட்-கிராஃப், பின்னணிப் பராமரிப்பு போன்றவற்றை அதுவே அமைத்துவிடும். உங்கள் பிரதியில் எதுவும் குறையாது. அதற்கும் மேலே தேவைப்பட்டால் ஸ்பார்ஸ் செக்அவுட். கடைசியாகத்தான் பார்ஷியல் க்ளோன். வரலாற்றையே வெட்டிவிடும் ஷேலோ க்ளோனை, பில்டு முடிந்ததும் தூக்கிப் போடும் இயந்திரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கமிட்-கிராஃபும் வேலை செய்யாது.

பார்ஷியல் க்ளோனுக்குப் போகும் நாளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சர்வருக்கு வெளியே, வேறொரு இடத்தில், ‘மிரர்’ விருப்பத்தோடு ஒரு முழு க்ளோன் எடுத்து வையுங்கள். அதை அவ்வப்போது புதுப்பிப்பது யார் பொறுப்பு என்று ஒரு பெயரையும் எழுதி வையுங்கள். முன்பெல்லாம் இந்தப் பொறுப்பை யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, ஏன்னா எல்லோரும் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தோம்.