உறை மாறிய ஒலிநாடா

கல்முனையிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில், திருக்கோவிலைக் கடந்தபின் வருவது கோமாரி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. அவ்வூரில் ஒரு மூதாட்டியார் பழைய கசெற்றுகள் இரண்டை என் முன் வைத்தார். ஒன்று ரீ.டீ.கே. எஸ்.ஏ. 90. சவூதிக்குப் போன மகன் கொணர்ந்தது, நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்கள் நிறைந்தது. மற்றது பெயரும் அழிந்துபோன மலிவுச் சரக்கு. 2004 டிசம்பரில் கடல் அவ்வீட்டினுட் புகுந்தபோது இவை அக்கரைப்பற்றில் உறவினர் வீட்டுக்கு இரவல் போயிருந்தன, அதனாற் பிழைத்தன.

என் கை முதலில் எஸ்.ஏ.யையே நாடிற்று. ஒலிப்பதிவில் ஈடுபாடுடையோர் இதற்கு என்னைக் குறைகூறார்.

1963 ஆம் ஆண்டு பேர்லின் கண்காட்சியிலே பிலிப்ஸ் நிறுவனத்தார் இச்சிறு பேழையை வெளியிட்டபொழுது, பேச்சைப் பதிவதற்கு இது போதும் என்பதே பலர் எண்ணம். நாடாவின் அகலம் நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஓடும் வேகமோ விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர். விநாடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் ஒலியின் ஓர் அலைக்கு அந்நாடாவிற் கிடைக்கும் இடம் மில்லிமீற்றரில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு கூறு! அதற்குள் வடக்கும் தெற்குமாகக் காந்தம் ஏறவேண்டும். சாதாரண இரும்பொட்சைட்டுத் துகள் இங்கே தடுமாறிற்று. குரோமியம் ஈரொட்சைட்டு நாடா வந்தது. பின்னர், 1975 இல், இரும்பொட்சைட்டுத் துகளின் மேற் கோபாற்றைப் படியச் செய்து ரீ.டீ.கே. நிறுவனம் எஸ்.ஏ.யை ஆக்கிற்று. 1979 இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட எம்.ஏ.-ஆர். ஒட்சைட்டையே கைவிட்டு உலோகத் துகளைப் பூசிக்கொண்டது. பேழையின் சட்டமும் வார்ப்பு உலோகம். ஆயின், இத்தகைய நாடாக்களுக்கு அவற்றிற்கென அமைந்த கருவி வேண்டும். ஒற்றை ஒலிபெருக்கியுள்ள எளிய கருவியில் அவற்றின் முழுப் பயனும் கிட்டாது. கடைக்காரர் எவரும் இதனைச் சொல்லி விற்றதாக எனக்கு நினைவில்லை.

வளைகுடா நாடுகளுக்கு நம்மவர் தொழில் தேடிச் சென்ற காலத்தில், எழுத்தறியாத தாய்க்கும் கடிதமாய் அமைந்தது இப்பேழையே. பேசி அனுப்புவர், கேட்டபின் அதே நாடாவின்மேல் மறுமொழி பேசித் திருப்பி அனுப்புவர். பேழையின் முதுகிலுள்ள இரு சிறு தகடுகளை ஒடித்துவிட்டால் பதிவு அழியாது. ஆயின் ஒடித்தால் மறுமொழி எங்ஙனம் ஏறும்? எனவே, சென்ற மாதத்து அழுகையின்மேல் இம்மாதத்துச் செய்தி ஏறியது. கடைசியாகப் பேசியது மட்டுமே எஞ்சிற்று.

"தம்பி, அத வைச்சிட்டு மத்ததைப் பாருங்க. அவர்ட குரல் அதிலதான் கிடக்கு" என்றார் மூதாட்டியார். அவர் கணவர் மகனுக்குப் பேசி அனுப்பிய கடைசி நாடா அது.

அதன் பேழை திருகாணியின்றி ஒட்டப்பட்டது. நாடாவைத் தலையோடு அழுத்தும் பஞ்சு உதிர்ந்து, ஒலி மங்கிக் கிடந்தது. உடைத்தே திறந்தேன். எஸ்.ஏ.யின் பேழைக்கோ ஐந்து திருகாணிகள். ஹனிபாவின் பாடல்கள் வேறு எங்கும் கிடைக்கும். அந்நாடாவை வெளியே எடுத்து, அவ்விடத்தில் இம்மலிவு நாடாவை வைத்து மூடினேன்.

முதலிற் கேட்டது கருவியை விரலால் தட்டும் ஓசை. பின்னர் ஓர் இருமல். மூதாட்டியார் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.