கெட்ட சேதியை முதலில் சொல்லுங்கள்

ஜப்பானியர்களோடு தொழில் செய்யப் போகிறவர்களுக்கு முதல் பாடமே விசிட்டிங் கார்டுதான். இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். எழுத்து, வாங்குபவர் படிக்கும் திசையில் இருக்க வேண்டும். வாங்கிய கார்டை நிதானமாகப் படித்து, எதிரே அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் போன் நம்பர் கிறுக்குவதும், பின்பாக்கெட்டில் செருகுவதும் அவமதிப்பு. பெரியவர்களுக்கு எதையும் இரு கையால் கொடுத்துப் பழகிய நமக்கு இது ஒரே நாளில் வந்துவிடும்.

வராதது வேறொன்று. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது 2010-ல். அந்த வட்டாரத்து ஜப்பானிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் பட்டறைகளில் இன்றும் கேட்கிற பதில், "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம் சார்." அச்சு உடைந்திருக்கும், ஆள் வந்திருக்க மாட்டார், ஆனாலும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனம் வராது. நம் ஊரில் அது மரியாதை. அவர்களுக்கோ அதுதான் பெரிய தலைவலி. தேவைக்கு மேல் சரக்கைச் சேர்த்து வைக்காத ஆலைகள் அவை. புதன்கிழமையே தெரிந்தால் உற்பத்தி வரிசையை மாற்றிக்கொள்வார்கள். வெள்ளி மாலை தெரிந்தால் லைன் நின்றுபோகும். டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். அதற்காக அவரை யாரும் திட்டுவதில்லை. சிக்கலை மறைப்பதுதான் அங்கே குற்றம்.

இன்னொன்று, அவர்களுடைய மௌனம். விலை சொன்னதும் எதிர்த்தரப்பு பேசாமல் இருந்தால் நம்மவர்கள் பதறிப்போய், கேட்காமலேயே ஐந்து சதவீதம் குறைத்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. அவர்கள் யோசிக்கிறார்கள், அவ்வளவுதான். பல கம்பெனிகளில் கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகப் பேசி ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். கூட்டம் அதை உறுதிசெய்யத்தான். அங்கே போய்ப் புது யோசனையைத் திடீரென்று போட்டால் காரியம் நடக்காது. வாரக்கணக்கில் இழுத்தாலும், முடிவெடுத்தபின் வேலை வேகமாக நகரும். அந்தப் பொறுமை நமக்கு வேண்டும்.

நேர வித்தியாசம் மூன்றரை மணி. நம் பிற்பகல் 3 மணி அவர்களுக்கு மாலை 6.30. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் அங்கே தொடர் விடுமுறை. அவசர ஒப்புதல்களை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

உங்கள் பட்டறையில் ஏதாவது ஆர்டர் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், இன்று மாலைக்குள் மெயில் போடுங்கள். எத்தனை நாள் தாமதம், என்ன காரணம், எப்போது தருவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.